மோட்டார் வண்டி ஏ.ஸி.யும் எண்ணெய்க் கணக்கும்

கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தினராயிருக்கும் நமக்குக் கணக்கின் அருமையைப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. முன்னிருப்பு, வரவு, செலவு, மீதி என்னும் நான்கும் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தால் சங்கம் நிலைக்கும். ஒன்று தவறினாலும் மற்ற மூன்றும் பயனற்றுப் போகும். இந்த நான்கு வரிக் கணக்கை எழுதியே தீர வேண்டிய இடம் ஒன்று மோட்டார் வண்டியின் குளிர்சாதன யந்திரத்திலும் உண்டு. அந்த யந்திரத்தினுள் ஓடும் எண்ணெயே அது. இம்மாதப் பாடத்திற்கு அதனையே எடுத்துக்கொள்வோம்.

சங்கத்தின் பொது வேனாயினும், அங்கத்தினர் ஒருவர் கடன் பெற்று வாங்கி வாடகைக்கு விடும் வண்டியாயினும், ஏ.ஸி. யந்திரத்தில் விலை மிகுந்த உறுப்புகளுள் முதன்மையானது கம்ப்ரெஸர். அது இறுகி நின்றுவிட்டால் பல நாள் வாடகை ஒரே நாளில் கரைந்துபோகும். புதிதாக மாட்டிய கம்ப்ரெஸர் சில வாரங்களிலேயே மறுபடி கெட்டுப்போவதும் உண்டு. அப்போது பொருள் மட்டமானது என்று பழி சொல்லிவிடுவது எளிது. ஆயின், பல சமயங்களில் குற்றம் பொருளில் இராது. ஊற்றிய எண்ணெயின் வகையிலோ அளவிலோதான் இருக்கும். யந்திரத்தை நாமே பிரிக்கப் போவதில்லை. அது பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் வேலை. எனினும், வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்டறியும் உரிமையும் கடமையும் வண்டிக்கு உடையவரான நமக்கு உண்டு.

எண்ணெய் எங்கே இருக்கிறது?

எஞ்சினுக்கு அடியில் எண்ணெய்த் தொட்டி இருக்கிறது. கோலை உருவிப் பார்த்தால் அளவு தெரிந்துவிடும். இன்றைய வண்டிகளின் ஏ.ஸி. யந்திரங்களிலோ, பெரும்பாலானவற்றில், அவ்வாறு பார்ப்பதற்குக் கோல் கிடையாது. எண்ணெய் ஓரிடத்தில் தேங்கி நிற்பதும் இல்லை. கம்ப்ரெஸர் அழுத்தி அனுப்பும் காஸோடு கலந்து அதுவும் பயணம் செய்கிறது. கம்ப்ரெஸரிலிருந்து வண்டியின் முன்புறமுள்ள கண்டென்ஸருக்கும், அங்கிருந்து டிரையருக்கும், எக்ஸ்பான்ஷன் வால்வு வழியாகக் கூலிங் காயிலுக்கும் சென்று, மீண்டும் கம்ப்ரெஸருக்கே திரும்புகிறது. இவ்வாறு ஓயாது சுற்றி வருகையில்தான் கம்ப்ரெஸரின் உள்ளுறுப்புகள் தேயாமல் வழுவழுப்பைப் பெறுகின்றன.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். முதலாவது: ஓடிய வண்டியில் மொத்த எண்ணெயும் கம்ப்ரெஸரில் இராது, ஒரு பகுதி அதில் இருக்க, எஞ்சியது மற்ற உறுப்புகளின் உட்சுவர்களில் ஒட்டியும் மூலைகளில் தங்கியும் நிற்கும். இரண்டாவது: எண்ணெயைச் சுமந்து வருவது காஸ். கசிவினால் காஸ் குறைந்தபின் யந்திரத்தை ஓடவிட்டால், உள்ளே எண்ணெய் இருந்தும் அது கம்ப்ரெஸருக்குத் திரும்பி வராது. குளிர்ச்சி குறைந்த வண்டியை, ‘இந்தக் கோடை கழியட்டும்’ என்று அப்படியே ஓட்டுவது கம்ப்ரெஸரைப் பட்டினி போடுவதற்கு ஒப்பாகும்.

குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு

எண்ணெய் குறைந்தால் உலோகத்தோடு உலோகம் உராய்ந்து சூடேறும். தேய்மானத்தால் எழும் பொடி காஸோடு கலந்து யந்திரம் முழுதும் பரவும். நுண்ணிய வழிகளை அடைக்கும். பின்னர்க் கம்ப்ரெஸரை மட்டும் மாற்றிப் பயனில்லை. உள்ளே தங்கிய பொடி புதிய கம்ப்ரெஸரையும் தின்றுவிடும்.

‘குறைந்தால்தானே கேடு, சற்றுத் தாராளமாகவே ஊற்றிவிடுவோம்’ என்று நினைப்பதும் தவறு. மிகுதியான எண்ணெய் கண்டென்ஸரிலும் கூலிங் காயிலிலும் குழாய்களின் உட்புறம் படலமாகப் படிந்து, வெப்பம் உள்ளே வரவும் வெளியே போகவும் தடையாக நிற்கும். காஸுக்குரிய இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும். அழுத்தம் ஏறும்; குளிர்ச்சி குறையும். குளிர்ச்சி குறைந்ததைக் கண்டு மேலும் காஸ் ஏற்றினால் அழுத்தம் இன்னும் ஏறும். அன்றியும், வாயுவை அழுத்தலாம். திரவத்தை அவ்வாறு அழுத்த இயலாது. கம்ப்ரெஸரின் அறையில் எண்ணெய் நிரம்பி நின்றால் அதன் வால்வுத் தகடுகள் முறிந்துபோகவும் கூடும்.

பாவுக்குக் கஞ்சி போடும் நெசவாளர் இதை எளிதில் உணர்வர். கஞ்சி குறைந்தால் இழை பிசிறடித்து அறும். மிகுந்தால் விறைத்து முறியும். அளவுதான் தொழில்.

எந்தக் காஸுக்கு எந்த எண்ணெய்?

முற்காலத்து ஏ.ஸி. வண்டிகளில் ஆர்-12 என்னும் காஸ் பயன்பட்டது. அதனோடு மினரல் எண்ணெய் நன்கு கலந்தது. அந்தக் காஸ், வானில் நமக்குக் குடையாக உள்ள ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று கண்டபின், 1987ஆம் ஆண்டில் மாண்ட்ரீல் நகரில் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்து அத்தகைய பொருள்களைப் படிப்படியாக நிறுத்தின. 1990ஆம் ஆண்டுகளில் புதிய கார்கள் ஆர்-134ஏ என்னும் காஸுக்கு மாறலாயின. இப்புதிய காஸுடன் மினரல் எண்ணெய் கலப்பதில்லை. கலக்காத எண்ணெய் கூலிங் காயிலின் அடியில் தங்கிவிடும், கம்ப்ரெஸருக்குத் திரும்பாது. ஆகையால் பி.ஏ.ஜி. எண்ணெய் என்னும் செயற்கை எண்ணெய் வழக்கத்திற்கு வந்தது.

பி.ஏ.ஜி. எண்ணெயிலும் 46, 100, 150 என்று தரங்கள் உண்டு. அவ்வெண்கள் 40 டிகிரி செல்சியஸ் சூட்டில் எண்ணெயின் கெட்டித் தன்மையைக் குறிப்பன; எண் ஏற ஏற எண்ணெய் கெட்டியாகும். பெரிய எண் உயர்ந்த சரக்கு என்று கருதலாகாது. கம்ப்ரெஸரை அமைத்தவர் எந்த எண்ணைச் சொல்லியிருக்கிறாரோ அதுவே சரி. எஞ்சின் எண்ணெயை இதில் ஒரு துளியும் சேர்க்கலாகாது.

ஆர்-134ஏ ஓசோனுக்குத் தீங்கு செய்வதில்லையாயினும் பூமியின் வெப்பத்தைக் கூட்டுவது. ஆகவே 2016ஆம் ஆண்டில் ருவாண்டா நாட்டுக் கிகாலி நகரில் அதனையும் அதன் இனத்தையும் குறைத்துவர உடன்பாடு ஏற்பட்டது. ஆர்-1234ஒய்எஃப் என்னும் காஸுடன் வரும் புதிய கார்களும் உள்ளன. இவற்றிற்கு அக்காஸுக்கென்றே குறிக்கப்பட்ட எண்ணெய் வேண்டும். மின்சார மோட்டாரால் சுழலும் கம்ப்ரெஸர் உள்ள பாட்டரி வண்டிகளில் இன்னும் மிகுந்த கவனம் தேவை. அவற்றில் பலவற்றிற்கு மின்சாரத்தைக் கடத்தாத எஸ்டர் வகை எண்ணெயே உரியது. பி.ஏ.ஜி. எண்ணெய் சிறிது கலந்தாலும் மின்காப்புக் குன்றி, வண்டிக்கும் தொடுவோருக்கும் தீங்கு நேரலாம்.

வகையைப் பொறுத்து மற்றுமொரு செய்தி. பி.ஏ.ஜி. எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை விரைந்து உறிஞ்சும். உள்ளே புகுந்த ஈரம் அமிலம் உண்டாகக் காரணமாகி உலோகத்தை அரிக்கும். ஆகையால் மூடியைத் திறந்து பல நாள் பட்டறைப் பலகையில் கிடந்த டப்பாவிலிருந்து ஊற்ற இடங்கொடுக்கலாகாது. சிறு டப்பாவாக வாங்கி, நம் கண்முன்னே திறக்கச் செய்வது நலம்.

பிரித்துக் கட்டும் ஒழுங்கு

யந்திரம் முழுவதையும் பிரித்துப் புதுப்பிக்கும்போது வேலை நடக்க வேண்டிய முறை வருமாறு.

1. பழைய காஸை வெளியே திறந்துவிடாமல் அதற்குரிய மெஷினால் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஆர்-134ஏ பூஜ்யத்திற்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதிக்கும் பொருள். கையிலோ கண்ணிலோ பட்டால் உறைந்து புண்ணாகும். காஸோடு வெளிவரும் எண்ணெயை மெஷின் தனியே பிரித்துக் கொடுக்கும். அந்த அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. பழைய கம்ப்ரெஸரைக் கழற்றிக் கவிழ்த்து, அதன் அச்சைக் கையால் சுழற்றி, உள்ளிருக்கும் எண்ணெயை அளவுக் குவளையில் வடிக்க வேண்டும். அளவோடு நிறத்தையும் பார்க்க வேண்டும். தெளிவாயிருந்தால் நன்று. கறுத்து, உலோகப் பொடி மின்னினால் யந்திரம் முழுதும் மாசு பரவியிருக்கிறது என்று அறியலாம்.

3. குழாய்களையும் கூலிங் காயிலையும் அதற்குரிய திரவத்தால் கழுவி, உலர்ந்த நைட்ரஜனால் ஊதி முற்றும் காயவைக்க வேண்டும். கழுவிய திரவம் மிச்சம் நின்றால் புது எண்ணெயை நீர்க்கச் செய்துவிடும். கம்ப்ரெஸர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு ஆகியவற்றைக் கழுவலாகாது. மிக நுண்ணிய துளைகள் கொண்ட தட்டைக் குழாய்க் கண்டென்ஸரில் பொடி புகுந்திருந்தால் கழுவி மீட்பது அரிது, மாற்றுவதே முறை.

4. டிரையர் புதியதாயிருக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சுவதே அதன் தொழிலாகையால் அதன் மூடிகளைக் கடைசி வரை கழற்றலாகாது.

5. எண்ணெயை அளந்து சேர்த்து, இணைப்புகளில் புதிய ஓ-ரிங் இட்டுப் பூட்ட வேண்டும்.

6. நைட்ரஜனை ஏற்றிக் கசிவு பார்க்க வேண்டும். ஆக்ஸிஜனையோ டயருக்கு அடிக்கும் காற்றையோ ஏற்றலாகாது. அவை வெடிக்கும் அபாயத்திற்கும் ஈரத்திற்கும் வழி செய்வன.

7. வாக்குவம் பம்பினால் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் நீக்க வேண்டும். இதற்கு அரைமணி முதல் முக்கால் மணி நேரமேனும் வேண்டும். ஆழ்ந்த வெற்றிடத்தில் நீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆகையால் ஈரம் வெளியேறும். எண்ணெய் அவ்வாறு ஆவியாவதில்லை. ‘வாக்குவம் போட்டதில் எண்ணெய் போய்விட்டது, கொஞ்சம் ஊற்றுவோம்’ என்பது ஒப்பத்தக்கதன்று.

8. முடிவில், காஸை வண்டியில் குறிப்பிட்டுள்ள கிராம் கணக்குப்படி எடைபோட்டு ஏற்ற வேண்டும்.

ஒரே வண்டி, மூன்று கணக்கு

இனி இப்பாடத்தின் மையத்திற்கு வருவோம். கையேட்டிலோ எஞ்சின் மூடியின் கீழுள்ள சீட்டிலோ காணப்படும் எண்ணெய் அளவு, யந்திரம் முழுவதிலும் இருக்க வேண்டிய மொத்த அளவேயாகும். இன்று எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதை அது கூறுவதில்லை. இந்த வேறுபாட்டை மறப்பதே பெரும்பாலான கேடுகளுக்கு வித்து.

கணக்கு விளங்குவதற்காக, ஒரு வண்டியின் மொத்த அளவு 150 மி.லி. என்று வைத்துக்கொள்வோம்.

முதற் கணக்கு: கசிவு ஏதுமில்லை, மாசும் இல்லை. கம்ப்ரெஸர் மட்டும் மாற்றப்படுகிறது. பழைய கம்ப்ரெஸரிலிருந்து 60 மி.லி. வடிந்தது. அப்படியானால் மற்ற உறுப்புகளில் 90 மி.லி. நிற்கிறது. புதிய கம்ப்ரெஸரில் தயாரித்தவரே 150 மி.லி. நிரப்பி அனுப்பியிருக்கிறார். அதை அப்படியே மாட்டினால் 150உம் 90உம் சேர்ந்து 240 மி.லி. ஆகிவிடும். ஆகவே புதிய கம்ப்ரெஸரிலிருந்து 90 மி.லி. வடித்தெடுத்து, 60 மி.லி. மட்டும் அதில் விட வேண்டும். இங்கே ஊற்றுவது ஒன்றுமில்லை, எடுப்பதே வேலை. வடித்தபின்னும் பழைய கம்ப்ரெஸரில் சிறிது ஒட்டிக்கொண்டிருக்குமாதலால், அதற்காகச் சில மி.லி. கூட்டுமாறு சில கையேடுகள் சொல்லும். அதையும் மதிக்க வேண்டும்.

இரண்டாம் கணக்கு: அதே வண்டியில் எல்லாம் கழுவப்பட்டன, அல்லது புதிதாக மாற்றப்பட்டன. வேறெங்கும் எண்ணெய் இல்லை. புதிய கம்ப்ரெஸரில் 150 மி.லி. இருக்கிறது. இங்கே கூட்டவும் வேண்டா, குறைக்கவும் வேண்டா. சீட்டைப் பார்த்து மேலும் 150 மி.லி. ஊற்றினால் எண்ணெய் இரட்டிப்பாகிவிடும்.

மூன்றாம் கணக்கு: எல்லாம் கழுவப்பட்டன, புதிய கம்ப்ரெஸரோ எண்ணெயின்றி உலர்ந்து வந்திருக்கிறது. இங்கே 150 மி.லி. முழுவதையும் நாம் சேர்க்க வேண்டும். ‘புதியது, நிரப்பித்தான் வந்திருக்கும்’ என்று நம்பி மாட்டினால் முதல் ஓட்டத்திலேயே கம்ப்ரெஸர் எரிந்துபோகும்.

வண்டி ஒன்று, சீட்டும் ஒன்று. ஆயினும் ஓரிடத்தில் 90 மி.லி. எடுத்தோம், ஓரிடத்தில் ஒன்றும் செய்யவில்லை, ஓரிடத்தில் 150 மி.லி. ஊற்றினோம். புதிய கம்ப்ரெஸரை வடித்து அளக்காமல் இம்மூன்றில் எது நம் நிலைமை என்று எவராலும் சொல்ல இயலாது.

ஓர் உறுப்பு மட்டும் மாற்றினால், அவ்வுறுப்போடு வெளியேறிய எண்ணெயை மட்டும் ஈடு செய்ய வேண்டும். கண்டென்ஸருக்கு ஏறத்தாழ 30 மி.லி., டிரையருக்கு 30 முதல் 60 மி.லி., கூலிங் காயிலுக்கு 60 மி.லி. என்பது பட்டறைகளில் வழங்கும் பொதுக் கணக்கு. சிறிய வண்டிகளில் இவை குறையும். பின்புறம் இரண்டாவது கூலிங் காயில் உள்ள வேன்களில் மொத்த அளவே கூடும். வண்டியின் கையேடு கூறும் அளவு இப்பொதுக் கணக்கிற்கு மேலானது.

நெடுநாள் கசிந்த வண்டியிலும், ஹோஸ் வெடித்த வண்டியிலும், முன்பு யார் எவ்வளவு ஊற்றினார் என்று தெரியாத வண்டியிலும் இந்தக் கழித்தல் கணக்குச் செல்லாது. இருப்புத் தெரியாத பண்டகசாலையில் பழைய பேரேட்டை வைத்துக்கொண்டு மீதி காண முடியுமா? சரக்கை எண்ணிப் புதுக்கணக்குத் தொடங்குவதே வழி. அதுபோல் இங்கும் முழுவதையும் கழுவி, இருப்புப் பூஜ்யம் என்று எழுதி, மொத்த அளவைச் சேர்ப்பதே தக்கது. கழுவும் கூலி மிகையாகத் தோன்றலாம். இரண்டாம் கம்ப்ரெஸரின் விலையை நினைத்தால் அது சிறிதே.

எங்கே, எவ்வாறு ஊற்றுவது?

உலர்ந்த யந்திரத்தில் முழு அளவையும் சேர்க்கும்போது, ஏறத்தாழப் பாதியைக் கம்ப்ரெஸரிலும், மீதியைக் கண்டென்ஸர், கூலிங் காயில், டிரையர் ஆகியவற்றிலும் பிரித்து ஊற்றுவது வழக்கம். பகிர்வைக் கையேடு கூறியிருந்தால் அதன்படியே செய்ய வேண்டும். கம்ப்ரெஸரில் எண்ணெய் ஊற்றியபின், பெல்ட்டு மாட்டுமுன், அதன் முன்னுள்ள அச்சைக் கையால் பத்துச் சுற்றுக்குக் குறையாமல் சுழற்ற வேண்டும். கிளட்ச் உள்ள கம்ப்ரெஸரில் வெளிச் சக்கரத்தைச் சுழற்றிப் பயனில்லை. அது தனியே சுற்றும். அழுத்தும் அறையில் தேங்கிய எண்ணெயை வெளியே தள்ளுவதற்கே இந்தச் சுழற்சி. இதைச் செய்யாமல் எஞ்சினை முடுக்கினால், முன்னர்க் கூறியவாறு திரவத்தை அழுத்த இயலாமல் வால்வு முறியலாம்.

கசிவைக் காண்பதற்காகச் சேர்க்கும் ஒளிரும் சாயமும் எண்ணெயில் கரைத்தே விற்கப்படுவது. நெசவாளருக்குச் சாயமென்றால் தனிக் கணக்கு. இங்கோ அந்தச் சிறு அளவையும் எண்ணெயோடு கூட்டியே எழுத வேண்டும். காஸ் டப்பாக்களிலும் சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும். மேலே எழுதியிருப்பதைப் படிக்காமல் ஆண்டுதோறும் ஒரு டப்பா ஏற்றினால், நாம் அறியாமலே எண்ணெய் மிகுந்துவிடும்.

வண்டிப் புத்தகத்தில் ஒரு பக்கம்

டீசலுக்கும் டயருக்கும் வண்டிப் புத்தகத்தில் பக்கம் ஒதுக்குகிறோம். ஏ.ஸி.க்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டுகிறோம். தேதி, மாற்றிய உறுப்பு, காஸின் பெயரும் எடையும், எண்ணெயின் வகையும் எண்ணும், வடித்த அளவு, சேர்த்த அளவு ஆகிய ஆறு கட்டங்கள் போதும். பட்டறையார் தரும் பில்லிலும் ‘எண்ணெய்’ என்று மட்டும் எழுதாமல், எத்தனை மி.லி. என்று எழுதித் தரும்படி கேட்க வேண்டும். நல்ல மெக்கானிக் இவ்வாறு கேட்பதைக் குறையாகக் கொள்ளமாட்டார். தம் வேலையின் அருமையை அறிந்தவர் வந்திருக்கிறார் என்று மகிழ்வார். அளவுகோல் இல்லாத யந்திரத்திற்கு இந்தப் பக்கமே அளவுகோல். ஓட்டுநர் மாறினாலும், பட்டறை மாறினாலும், நிர்வாகக் குழுவே மாறினாலும் அது நின்று பேசும்.

கூடிப் படிப்போர்க்குச் சில வினாக்கள்

1. காஸ் குறைந்த வண்டியில், எண்ணெய் உள்ளே இருந்தும் கம்ப்ரெஸர் கெடுவது ஏன்?

2. எண்ணெய் மிகுந்தால் குளிர்ச்சி குறைவது எவ்வாறு?

3. முன்பு ஊற்றிய அளவு தெரியாத வண்டியில் செய்யத்தக்கது யாது?

4. ஒரு வண்டியின் மொத்த அளவு 180 மி.லி. எல்லா உறுப்புகளும் கழுவப்பட்டன. புதிய கம்ப்ரெஸரை வடித்துப் பார்த்ததில் 110 மி.லி. இருந்தது; அதையே திரும்ப ஊற்றினர். சாயத்தோடு 10 மி.லி. எண்ணெய் சேரும். இன்னும் எவ்வளவு சேர்க்க வேண்டும்? (விடை: 60 மி.லி.)

5. நம் சங்கத்து வண்டிகளுள் எவற்றிற்கு ஏ.ஸி. கணக்குப் பக்கம் இருக்கிறது? இல்லாதவற்றிற்கு அதைத் தொடங்கும் பொறுப்பை ஏற்பவர் யார்?

முதல் நான்கிற்கும் விடை இப்பாடத்திலேயே உள்ளது. ஐந்தாவதற்குரிய விடையை அடுத்த கூட்டத்தின் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதிவைப்போம்.